தங்கை கல்யாணத்துக்குள் 'தொங்கும் தோல்' ஆபரேஷன்... அவசரம் வேண்டாமே!

இந்த வாரக் கடிதம் கொஞ்சம் நீளமானது. எழுதிய வாசகி, பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர், எனக்கு 38 வயசு. ரெண்டு பிள்ளைங்க. போன கார்த்திகையில 107 கிலோ இருந்தேன். சர்க்கரை, முட்டிவலின்னு படாத பாடு பட்டதால, இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இப்போ ஆவணியில 68 கிலோ. இன்னமும் மாசம் ரெண்டு கிலோ குறையுது. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திட்டார். எல்லாரும் பாராட்டுறாங்க. ஆனா, அடிவயித்துத் தோல் பை மாதிரி மடிஞ்சு தொங்குது. அதைத் தூக்கி உள்ளே செருகித்தான் கொசுவம் வைக்கிறேன். மடிப்புக்கு அடியில வேர்த்து வேர்த்துப் புண்ணாகுது. கையைத் தூக்கினா தோல் ஆடுது. குண்டா இருந்தப்பகூட கண்ணாடி பார்த்தேன் டாக்டர், இப்போ பார்க்கிறதில்லை.

தை மாசம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். நான்தான் மூத்தவ, மேடையில நிக்கணும். 'தீபாவளி முடிஞ்சதும் வாங்க. வயிறு, கை, தொடை மூணையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம். மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். இந்த மாசமே பணம் கட்டினா தள்ளுபடி'ன்னு ஒரு கிளினிக்ல சொல்றாங்க. வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்'ங்கிறார். அம்மா 'உசுரோட விளையாடாதே'ங்கிறாங்க. முடி கொத்துக்கொத்தா கொட்டுது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. அதெல்லாம் ஸ்லீவ் பண்ணினா அப்படித்தான்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சகோதரி, முதலில் வாழ்த்துகள். ஒன்பது மாதத்தில் 39 கிலோ குறைத்து, சர்க்கரை மாத்திரையையும் விட்டிருக்கிறீர்கள். இது சாதாரண விஷயம் இல்லை. தொங்கும் தோலை எடுக்க நினைப்பதும் வீண் ஆசை இல்லை. அது நியாயமான தேவை. அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது.

ஆனால், இந்தத் தீபாவளிக்குப் பிறகு வேண்டாம். தை மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின. ஒன்று, 'இன்னமும் மாசம் ரெண்டு கிலோ குறையுது.' இன்னொன்று, 'முடி கொட்டுது, மூச்சு வாங்குது.' இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் உங்கள் உடம்பில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

தோல் ஏன் சுருங்க மறுக்கிறது?

பழைய பாவாடையின் எலாஸ்டிக்கை நினைத்துப் பாருங்கள். புதிதில் இழுத்து விட்டால் பட்டென்று பழைய நிலைக்கு வரும். வருடக்கணக்கில் இழுபட்டே கிடந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். நம் தோலுக்குள்ளும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் இருக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், சுருங்கி விரியும் தன்மை தருவது எலாஸ்டின். பல வருடம் அதிக எடையால் இழுபட்ட தோலில் இந்த நார்கள் சேதமாகிவிடும். உள்ளே இருந்த கொழுப்பு கரைந்தாலும், மேலே இருக்கும் தோல் அந்த அளவுக்குச் சுருங்காது.

யாருக்கு எவ்வளவு தொங்கும் என்பது, எத்தனை வருடம் குண்டாக இருந்தார், எத்தனை கிலோ குறைத்தார், வயது, பரம்பரை, பிரசவங்கள், புகைப்பழக்கம் எனப் பலவற்றைப் பொறுத்தது. 22 வயதில் 15 கிலோ குறைத்தவருக்குத் தோல் ஓரளவு ஒட்டிக்கொள்ளலாம். 40 வயதில் 40 கிலோ குறைத்தவருக்கு அது நடக்காது. இது உங்கள் தவறில்லை. உடற்பயிற்சி செய்யாததால் வந்ததும் இல்லை. உடற்பயிற்சியால் தோலுக்கு அடியில் தசை வளரும், பார்வைக்குக் கொஞ்சம் நிறைவாகத் தெரியும். ஆனால், மிச்சமிருக்கும் தோலை அது கரைக்காது. 'தோலை இறுக்கும்' என்று விற்கும் க்ரீம்களும் எண்ணெய்களும் கை நிறையத் தொங்கும் தோலை ஒன்றும் செய்யாது. அந்தக் காசை முட்டைக்கும் பருப்புக்கும் செலவு செய்யுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். லைப்போசக்‌ஷன் என்பது குழாய் வைத்துக் கொழுப்பை உறிஞ்சுவது. அது தோலை எடுக்காது. ஏற்கெனவே தொங்கும் இடத்தில் அதை மட்டும் செய்தால், தோல் இன்னும் தளர்ந்துதான் போகும். அது எடை குறைப்புச் சிகிச்சையும் அல்ல.

தோலைக் கொடுத்து தழும்பை வாங்குகிறோம்

இந்த ஆபரேஷனை ஒரு வரியில் சொன்னால், இது ஒரு பண்டமாற்று. தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டு, நிரந்தரமான ஒரு தழும்பை வாங்கிக்கொள்கிறோம். இதை மனதார ஏற்பவர்கள்தான் பிறகு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வயிற்றுக்கு இரண்டு வகை உண்டு. தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று. 'டம்மி டக்' எனப்படுவது இன்னொன்று. இதில் தோலை எடுப்பதோடு, பிரசவத்தாலும் பருமனாலும் விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். தொப்புளையும் புதிய இடத்தில் அமைப்பார்கள். தழும்பு அடிவயிற்றில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீளும். புடவைக்குள் மறைந்துவிடும். உங்களைப்போல் நிறைய எடை குறைத்தவர்களுக்குச் சில நேரம் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாகவும் ஒரு தழும்பு தேவைப்படும். முதுகுப்பக்கமும் தொங்கினால், இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம்போல் தழும்பு வரும்.

கைக்குச் செய்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாகத் தழும்பு இருக்கும். கையைத் தூக்கினால் தெரியும். தொடைக்கு உள்பக்கம். நம் நிறத்தவர்களுக்குத் தழும்பு தடித்து மேலெழும்பும் வாய்ப்பு வெள்ளைக்காரர்களைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ, சிசேரியன் தழும்பிலோ தடிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

எப்போது செய்யலாம்?

ஸ்லீவ், பைபாஸ் போன்ற ஆபரேஷன்கள் செய்துகொண்டவர்களுக்குப் பொதுவான கணக்கு, 12 முதல் 18 மாதங்கள். அதற்குள்தான் எடை பெரும்பாலும் குறைந்து முடியும். மாதத்தை மட்டும் எண்ணினால் போதாது. குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், எடை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நான் ஆறு மாதத்தைத்தான் கேட்பேன். இரண்டு, மூன்று கிலோ ஏறி இறங்கினால் பரவாயில்லை. உணவுக்கட்டுப்பாடு, நடைப்பயிற்சி என்று இயற்கையாகக் குறைத்தவர்களுக்கும் இதே ஆறு மாதக் கணக்கு பொருந்தும்.

ஏன் இந்தக் காத்திருப்பு? தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல்தான். நீங்கள் இன்னும் இளைத்துக்கொண்டே இருக்கும்போது அளவெடுத்துத் தைத்தால், தைத்த ஜாக்கெட் ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடும். இன்று வயிற்றை இறுக்கித் தைத்து, பிறகு இன்னும் 10 கிலோ குறைந்தால் மறுபடி தொங்கும். இன்னொரு ஆபரேஷன், இன்னொரு செலவு, இன்னொரு மயக்க மருந்து. எடை திரும்ப ஏறினாலும் இதே கதைதான். இறுக்கிய தோல் மறுபடி விரியும்.

எடை குறைந்து பி.எம்.ஐ. 30-க்குக் கீழே வந்திருந்தால் நல்லது. அதற்கு மேலே போகப்போக காயம் ஆறாமல் போவது, கிருமித்தொற்று, ரத்தக்கட்டி ஆகியவற்றின் ஆபத்து கூடும். சர்க்கரை இருப்பவர்கள் 'ஹெச்பிஏ1சி' பரிசோதனையில் கட்டுக்குள் வந்த பிறகே யோசிக்கலாம்.

இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள், அதை முடித்துவிட்டு வயிற்று ஆபரேஷன் செய்வதே புத்திசாலித்தனம். தைத்துச் சேர்த்த தசையும் தோலும் கர்ப்பத்தில் மறுபடி விரிந்துவிடும்.

ஊசி போட்டுக் குறைப்பவர்கள் கவனிக்க!

இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும், ஜூனில் வெகோவியும் விற்பனைக்கு வந்தன. இந்த வார ஊசிகளால் 20 கிலோ, 25 கிலோ குறைத்தவர்களும் இப்போது தோல் தொங்குகிறது என்று வரத் தொடங்கிவிட்டார்கள். இவர்களுக்கு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஊசியை நிறுத்தினால் பலருக்கு எடை திரும்ப ஏறுகிறது. அதனால், 'ஊசி தொடருமா, நிற்குமா' என்று முடிவு செய்து, அந்த நிலையில் எடை நின்ற பிறகே தோல் ஆபரேஷன். இரண்டு, இந்த ஊசிகள் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். முந்தின இரவு சாப்பிட்டது மறுநாள் காலையிலும் வயிற்றில் இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே, ஊசி போடுவதை மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது, முந்தைய நாள் திரவ உணவு மட்டும் எடுப்பதா என்று அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நான் செய்த தவறு

பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். 50 கிலோவுக்கு மேல் குறைத்திருந்தார். பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'நிச்சயத்துக்கு முன்னாடி முடிச்சுடுங்க டாக்டர்' என்று கெஞ்சினார். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பொறுங்கள் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை அவருடைய அம்மாவும் கூடவே வந்து கண்கலங்கினார். நான் இளகிவிட்டேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தேன், சரியாக இருந்தது. புரோட்டீன் அளவைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பத்தாவது நாள், நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் சேரும் இடத்தில் காயம் பிரிந்தது. அதன்பிறகுதான் ரத்தத்தில் ஆல்புமின் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. காயம் ஆற ஏழு வாரம் ஆனது. தினமும் கட்டு மாற்ற வந்தார். நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. அடுத்த சில மாதங்களில் இன்னும் 9 கிலோ குறைந்து, இறுக்கிய வயிறு மறுபடி தளர்ந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து யார் அழுதாலும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

முடி கொட்டுவது சொல்லும் சேதி

இப்போது உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு சின்ன டம்ளர் அளவு. அதற்குள் போகும் சாப்பாட்டில் சத்து இல்லையென்றால் உடம்பு எங்கே போகும்? முதல் சில மாதங்களில் முடி உதிர்வது பலருக்கும் நடப்பதுதான். ஆனால், ஒன்பதாவது மாதத்திலும் கொத்தாகக் கொட்டி, கூடவே மூச்சும் வாங்குகிறது என்றால், 'அப்படித்தான் இருக்கும்' என்று விடக் கூடாது. ரத்தசோகையாக இருக்கலாம், புரோட்டீன் பற்றாக்குறையாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு பெரிய தோல் ஆபரேஷனில் இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காயம். அதை ஆற்றுவதற்கு உடம்புக்குப் புரோட்டீன், இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் ஏ, சி, டி, பி12, ஃபோலிக் அமிலம் எல்லாம் வேண்டும். கட்டடம் கட்ட நாள் குறித்துவிட்டு, செங்கல் இல்லை என்றால் எப்படி?

இந்த வாரமே உங்கள் ஸ்லீவ் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், ஆல்புமின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அவர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். அவை ஆயுள் முழுக்கத் தேவைப்படும்.

புரோட்டீன் தினமும் 60 முதல் 80 கிராம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம். 100 கிராம் சமைத்த கோழி இறைச்சியில் சுமார் 25 கிராம். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம் வரை. தட்டில் முதலில் இவற்றைச் சாப்பிடுங்கள். சோறும் இட்லியும் அதன்பிறகு. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் வரிசை முக்கியம்.

ஆபத்துகள் என்னென்ன?

பயமுறுத்த அல்ல, தெரிந்துகொண்டு முடிவெடுக்கச் சொல்கிறேன். சின்னச் சிக்கல்கள் அரிதல்ல. பெரியவை அரிது, ஆனால் வந்தால் பெரியவைதான்.

தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. அதற்காகத்தான் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை டியூப் வைப்பார்கள். எடுத்த பிறகும் சேர்ந்தால் ஊசியால் உறிஞ்ச வேண்டும்.

ரத்தம் உள்ளே தேங்கலாம். சிலருக்கு மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டிவரும்.

கிருமித்தொற்று வரலாம், தையல் பிரியலாம். ரத்த ஓட்டம் குறைந்தால் தோலின் ஒரு பகுதி கறுத்து அழுகவும் கூடும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் குறைந்தது நான்கு வாரம் சிகரெட், பீடி கூடாது. புகையிலை மெல்லுவதும் அதே கணக்குதான்.

அடிவயிற்றில் மரத்துப்போன உணர்வு பல மாதம் நீடிக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே இருக்கும்.

இவற்றில் மிகவும் பயப்பட வேண்டியது, கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது. அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் அடைத்தால் உயிர் போகும். ஆபரேஷன் நேரம் நீள நீள, படுத்தே கிடக்கக் கிடக்க இந்த ஆபத்து கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் இன்னும் அதிகம். இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ப ஊசி, காலுறை, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது என்று திட்டமிடுவார்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து என எது சாப்பிட்டாலும் அதையும் சொல்ல வேண்டும். சில, ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

'மூன்றும் ஒரே நாளில்' சரியா?

இரண்டு இடங்களைச் சேர்த்துச் செய்வது உண்டு. ஆனால் வயிறு, இரண்டு கை, இரண்டு தொடை எல்லாவற்றையும் ஒரே நாளில் என்பது உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஏற்றதல்ல. மயக்க மருந்தில் இருக்கும் நேரம், ரத்த இழப்பு, ரத்தக்கட்டி ஆபத்து எல்லாமே கூடும். அதுபோக, கையிலும் தையல், தொடையிலும் தையல், வயிற்றிலும் தையல் என்றால் எழுந்து நடக்க எதை ஊன்றுவீர்கள்? முதலில் அதிகம் தொந்தரவு தரும் வயிறு. குறைந்தது மூன்று மாதம் கழித்து, தேவைப்பட்டால் மற்றவை. வயிறு சரியானதும் பலர் 'கை பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இடமும் முக்கியம். 2022 மே மாதம், கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். 21 வயதுதான். அவருடையது தொங்கும் தோல் பிரச்னை அல்ல. ஆனால், 'அழகுக்காகச் செய்வதுதானே, சின்ன விஷயம்' என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்கு அந்த மரணம் சாட்சி.

கிளினிக்கில் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச் அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் பெற்றவரா? மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? நிறைய எடை குறைத்தவர்களுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? மயக்க மருந்து நிபுணர் முழுநேரமும் இருப்பாரா? ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யார் வருவார்கள்? சிக்கல் வந்து மறுபடி ஆபரேஷன் என்றால் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் வயிற்றைக் கொடுக்காதீர்கள். உடம்பில் கத்தி வைப்பதற்கு ஆடித் தள்ளுபடி கிடையாது.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. இது எல்லா பாலிசிகளிலும் இருக்கும் பொதுவான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் அதற்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு மடிப்பில் அடிக்கடி புண் வருவதால், ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவரிடம் காட்டி, சீட்டையும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால், கேட்பதற்கு ஆதாரம் இருக்கும். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் நம்பி இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால், மூன்று நாளில் சரியாகிவிடாது. வயிற்றில் தையல் இழுக்கும் என்பதால் முதல் வாரம், பத்து நாள் கொஞ்சம் குனிந்தேதான் நடப்பீர்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்ப இரண்டு முதல் நான்கு வாரம். இறுக்கமான பெல்ட்டை ஆறு வாரம்வரை போட வேண்டியிருக்கும். அந்த ஆறு வாரமும் தண்ணீர்க்குடம், சிலிண்டர், மாவு நிறைந்த கிரைண்டர், பிள்ளையைத் தூக்குவது எதுவும் கூடாது. வீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று முதலில் யோசியுங்கள். 'உன் இஷ்டம்' என்ற உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். இஷ்டம் உங்களுடையது, ஆறு வார வேலை அவருடையது.

தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்து இருக்கும். வெளிறி அடங்க ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். தீபாவளி முடிந்து செய்துகொண்டால், தை மாதக் கல்யாணத்தில் நீங்கள் வீக்கத்தோடும், இழுக்கும் தையலோடும், அரக்குநிறத் தழும்போடும்தான் நிற்பீர்கள். கல்யாண வீட்டில் மூத்தவளை உட்காரத்தான் விடுவார்களா?

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், காயத்தில் நாற்றமடிக்கும் நீர், ஒரு பக்கம் மட்டும் திடீரென உப்புவது, தோல் கறுப்பது... இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108.

அதுவரை என்ன செய்யலாம்?

குளித்ததும் மடிப்பைத் தூக்கி மெல்ல ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே உடுத்துங்கள். மடிப்புக்குள் மெல்லிய பருத்தித்துணி வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். புண்ணும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் நீங்களாக ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவாதீர்கள். முதலில் குறைந்ததுபோல் தெரியும், பிறகு பரவும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.

பாவாடைக்குப் பதிலாக இடுப்பிலிருந்து பிடித்து நிற்கும் புடவை ஷேப்வேர் அணிந்தால் கொசுவம் நன்றாக உட்காரும். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமாக வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். ஜாக்கெட்டுக்கு முழங்கை வரை கை வையுங்கள். நடைப்பயிற்சியோடு வாரம் இரண்டு, மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேருங்கள். தசை குறையாமல் காக்க அது உதவும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மாதம் முதல் தேதி, காலையில், அதே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். எனக்குத் தோன்றும் கணக்கு இது: தை மாத வாக்கில் உங்கள் எடை ஓரிடத்தில் நின்றுவிடலாம். அங்கிருந்து ஆறு மாதம் எண்ணினால் ஆடி வரும். அதற்குள் ரத்தமும் சத்தும் தேறிவிடும். ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, விசேஷங்களும் குறைவு. படுத்து ஓய்வெடுக்க அதைவிட நல்ல மாதம் இல்லை. எடை தை மாதத்தில் நிற்காவிட்டால், நிற்கும் மாதத்திலிருந்து எண்ணுங்கள். நோட்டு சொல்வதுதான் முகூர்த்தம்.

உங்கள் அம்மா சொன்னது பாதி சரி. இது உயிரோடு விளையாடுவது இல்லை, அவசரப்பட்டால்தான் விளையாட்டு. தங்கையின் கல்யாணத்தில் இருக்கும் உடம்போடு நிமிர்ந்து நில்லுங்கள். சர்க்கரையையும் முட்டிவலியையும் ஜெயித்த உடம்பு அது. இன்று குளித்துவிட்டு வரும்போது ஒரு நிமிடம் கண்ணாடியையும் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.